நஞ்சப்பன் கேட்ட நட்டஈடு

"பட்டறைச் சாவியை இப்படிக் குடு" என்றார் நஞ்சப்பன்.

சவரியப்பன் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டான். உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி லூர்துமேரி வாசலுக்கு வந்தாள்.

அந்தக் காலத்தில் அரூரில் மோட்டார் வண்டிக்கென்று இருந்தது சவரியப்பன் பட்டறை ஒன்றுதான். நஞ்சப்பனிடம் இருந்ததும் ஒரே ஒரு பஸ். அரூரிலிருந்து கம்பைநல்லூர் வழியாகத் தர்மபுரிக்குப் போய்வரும்.

அந்த பஸ்ஸுக்கு சவரியப்பன்தான் ஆயில் மாற்றினான். பழைய ஆயிலை வடித்து, அடியில் அந்த ஓட்டையை அடைக்கும் போல்ட்டை மாட்டி, புது ஆயில் ஊற்றி அனுப்பினான். மறுநாள் கம்பைநல்லூர் தாண்டுவதற்குள் போல்ட் கழன்று விழுந்துவிட்டது. ஆயில் முழுக்க ரோட்டில் ஒழுகி, எஞ்சின் சூடேறி இறுகிப்போயிற்று. சந்தைக்குப் போன ஜனம் மூட்டையும் கூடையுமாக நடந்து வீடு சேர்ந்தது. பஸ்ஸை மாடு கட்டித்தான் இழுத்து வந்தார்கள்.

நட்டஈடு கேட்டு நஞ்சப்பன் வருவார் என்று லூர்துமேரிக்குத் தெரியும். ஆனால் பட்டறையையே பூட்டுவார் என்று அவள் நினைக்கவில்லை.

"நான் சொல்றவரைக்கும் எவன் வண்டியையும் நீ தொடக்கூடாது. திங்கக்கெழமை என்கூட சேலத்துக்கு வரணும். அங்க நான் சொல்றதுக்குக் கட்டுப்படணும். அதான் நட்டஈடு" என்றார் அவர்.

"இங்கயே பேசித் தீத்துக்கக் கூடாதுங்களா மொதலாளி?" என்று கேட்டாள் லூர்துமேரி.

"பேசித் தீர்ற விஷயமில்லம்மா இது."

சாவியை ஜோபியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் அதற்கப்புறம் இதே பேச்சு. வக்கீலிடம் கூட்டிப்போகிறார், பட்டறையை எழுதி வாங்கத்தான் இந்த வேலை என்றார்கள் சிலர். கோர்ட்டில் நிறுத்தி உள்ளே தள்ளாமல் விடமாட்டார் என்றார்கள் சிலர். இத்தனை வருஷம் பழகின மனுஷனிடம் இப்படியா நடந்துகொள்வது என்று எல்லோருமே நஞ்சப்பனைத் திட்டினார்கள். திட்டினார்களே தவிர, அவரிடம் போய்ச் சொல்ல ஒருவரும் துணியவில்லை.

லூர்துமேரி புருஷனிடம் மன்றாடினாள். போல்ட் தேய்ந்து கிடந்தது, ரோடு மோசம், ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"தப்பு என்னுதுதான். வுடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை அவளும் கூடவே கிளம்பினாள். காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வேறு கம்பெனி பஸ்ஸில்தான் போனார்கள். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி மஞ்சவாடிக் கணவாயில் பஸ் மூச்சு வாங்கி ஏறியபோது, முன் சீட்டிலிருந்த நஞ்சப்பனிடம் முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

"இத வெச்சுக்குங்க மொதலாளி. பட்டறைய மட்டும் வுட்டுடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "காதுல போடும்மா" என்றார். அவ்வளவுதான்.

தோடு போதவில்லை போலிருக்கிறது என்று அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. பக்கத்தில் சவரியப்பன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தான்.

சேலத்தில் குதிரை வண்டி பிடித்தார் நஞ்சப்பன். வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் கும்பலாக நிற்கும் கோர்ட்டு வாசல் வந்தது. அவள் புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குதிரை நிற்கவில்லை. அடுத்த தெருவும் போயிற்று. கடைசியில் ஒரு பெரிய வேப்பமரத்தடியில் வண்டி நின்றது.

ஆஸ்பத்திரி.

ஏன், எதற்கு என்று கேட்பதற்குள் உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். டாக்டர் சவரியப்பனை நாற்காலியில் உட்காரவைத்து, இமையை விரித்து, விளக்கைக் காட்டி வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இதோடு எப்படி வேலை செய்தாய் என்று கேட்டார். கைப்பழக்கத்தில் செய்தேன் என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. ஆபரேஷன் செய்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

லூர்துமேரி வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அவன் யாருக்கும் தெரியாமல் மறைத்திருக்கிறான்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள்.

"பஸ்ஸை இழுத்துட்டு வந்த அன்னிக்கு எஞ்சினைப் பார்க்க வந்தவன், பட்டப்பகல்ல கண்ணு முன்னால இருந்த போல்ட் ஓட்டையைத் தடவித் தடவித் தேடினான். திட்டலாம்னுதான் வாயெடுத்தேன். வரல" என்றார் நஞ்சப்பன்.

"அப்ப நட்டஈடு?"

"கண்ணு தெரிஞ்சதும் அவன் கையாலயே என் எஞ்சினைப் பிரிச்சு மாட்டட்டும்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இதை முதலிலேயே ஊரில் சொல்லியிருந்தால் இத்தனை பேர் வாயில் நீங்கள் விழவேண்டியதில்லையே என்று அழுதாள்.

நஞ்சப்பன் அவசரமாக அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"கண்ணு தெரியாதவன்னு ஒருதடவை பேர் வந்துட்டா, அப்புறம் எவன் அவன்கிட்ட வண்டி வுடுவான்? ஊர்ல யார் கேட்டாலும், அந்தப் படுபாவி நஞ்சப்பன் எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டான்னே சொல்லு தாயி."