கேட் வளைந்த பக்கம்

பார்சல் கம்பெனி அதிகாரி இரும்பு கேட்டைத் தடவிப் பார்த்தார்.

"எங்க வேன்தான் இடிச்சுதா?"

"நம்பரே எழுதி வச்சிருக்கேன் சார்," என்றாள் வீட்டுக்காரி. "புது கேட் மாட்டித் தரணும்."

"டிரைவர் நிக்காம போயிட்டாரா?"

"நின்னாரு. நல்லா திட்டினேன். தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டாரு."

அதிகாரி குனிந்தார். "கேட் தெருப்பக்கமா வளைஞ்சிருக்கே. அப்போ வேன் உள்ளேயிருந்துல்ல வந்திருக்கணும்? உங்க காம்பவுண்டுக்குள்ள அதுக்கு என்னம்மா வேலை?"

"தினமும் இங்கதான் நிக்கும்."

வீட்டுக்குள்ளிருந்து கம்பெனி யூனிஃபார்மில் எட்டிப் பார்த்த ஒருவர், அதிகாரியைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டார்.

"டிரைவர் உங்க வீட்டுக்காரரா?" அதிகாரி கையிலிருந்த ஃபாரத்தை மடித்தார். "அப்புறம் எப்படிம்மா நஷ்ட ஈடு?"

"வீடு என் பேர்ல இருக்கு. வேன் உங்க கம்பெனி பேர்ல இருக்கு. நடுவுல அவர் யாரு சார்?"