பேச்சுக்குப் பின்னால் தவில்

மலேசியாவுக்கு வேலைக்குப் போய்க் காணாமல்போன தம்பியை, அங்கே கோயில் திருவிழாவில் வாசிக்க வந்த சாக்கில் தேடிக்கொண்டிருந்தார் திண்டிவனம் தவில்காரர் கோதண்டபாணி. போனில் யாரோ ஒருவனின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“உந்தம்பியத் தேடறத இன்னியோட வுட்டுடு. இல்லாட்டி பொணமாத்தான் பாப்ப.”

பேச்சுக்குப் பின்னால் தவில் சத்தம்! ஆள் இங்கேதான் ஏதோ கோயிலருகே இருக்கிறான். துப்புக் கிடைத்த வேகத்தில் மெசேஜை மறுபடி போட்டுக் கேட்டார்.

விரிசல் விட்ட தோலின் ஓசை. குழந்தையின் அடி.

அது, மகள் விளையாடட்டும் என்று வீட்டில் விட்டுவந்த பழைய தவில்.

உடனே மனைவியை அழைத்தார். “அமலா, வீட்ல யாரு?”

“கொழுந்தனாரு ஃபிரண்டாம், விழுப்புரத்துலேருந்து வந்திருக்காருங்க. நீங்க போன் பண்ணா அவராண்ட குடுக்கச் சொன்னாரு. இருங்க, குடுக்கறேன்.”