முப்பத்திரண்டாவது முத்திரை

"இந்த ஷூ யாரோடது?"

விடுதிக்காரம்மா வாசல் அலமாரியிலிருந்து எடுத்துவந்த ஜோடியை மேசைமேல் வைத்தார். யாத்திரை வருகிறவர்கள் ஷூவை அலமாரியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஜோடியையும் அவர் திருப்பிப் பார்ப்பார். அதன் பிறகுதான் முத்திரை.

"என்னோடதுதாங்க" என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர். ஐம்பது வயது இருக்கும். அன்று கடைசியாக வந்து சேர்ந்த ஆள். பக்கத்து பெஞ்சில் அவருடைய தங்கை, வெந்நீர் வாளிக்குள் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கூடத்தில் நாலைந்து மொழிகள் கேட்டன.

"எத்தனை நாளா நடக்கறீங்க?"

"இன்னையோட முப்பத்திரண்டு."

"முழுக்க நடந்தா?"

"முழுக்க நடந்துதான்."

அவர் நீட்டிய கையேட்டில் முப்பத்தோரு முத்திரைகள் இருந்தன. வழியில் தங்கிய விடுதிக்கு ஒன்று. இங்கே முப்பத்திரண்டாவது. நாளைக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் தலத்துக்குப் போய்விடலாம். அங்கே நடந்து வந்தவர்களுக்கென்றே ஒரு சின்ன வாசல் உண்டு. ஒரு முத்திரை குறைந்தாலும் அது திறக்காது. பஸ்ஸில் வந்தவர்களோடு பெரிய வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

விடுதிக்காரம்மா ஷூவைக் கவிழ்த்தார்.

"அடிப்பக்கம் நல்லாத் தேஞ்சிருக்கு. குதிகால்ல ரப்பரே இல்லை. ஆனா உள்ளே பாருங்க." டார்ச் அடித்துக் காட்டினார். "வியர்வைக் கறை இல்லை. விரல் அழுந்தின குழி இல்லை. இப்பதான் கடையிலேருந்து வந்த மாதிரி இருக்கு. போன வருஷம் ஒருத்தர் புது ஷூவைச் சுவத்துல தேய்ச்சு எடுத்துட்டு வந்தார். அவரும் உள்பக்கத்தை மறந்துட்டார்."

தங்கை கண்ணைத் திறந்தாள். "அக்கா, எங்க அண்ணா அப்படிப்பட்டவர் இல்லை."

"உன்னைச் சொல்லலைம்மா. உன் ஷூவை மூக்குக்கிட்ட கொண்டுபோக முடியலை. நீ நடந்துதான் வந்தேன்னு அதுவே சாட்சி சொல்லும்."

அடுத்த மேசையில் யாரோ சிரித்தார்கள். தங்கையின் கோபம் அண்ணன் பக்கம் திரும்பியது.

"காலையிலேயே சொன்னேன், எப்பவும் போல அரை டவுசரைப் போட்டுக்கங்கன்னு. கேட்டீங்களா? இன்னைக்கு மட்டும் முழு பேன்ட்தான்னு ஒரே அடம்."

"குளிருதுல்ல."

"எங்கே, கால்லயா?"

அண்ணன் பேன்ட் நுனியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பேன்ட்டுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" விடுதிக்காரம்மா அவரிடம் திரும்பினார். "பாதத்துல கொப்புளம் எத்தனை?"

"ஒண்ணும் இல்லைங்க."

"உங்க தங்கச்சிக்கு ஏழு இருக்கு."

"சின்ன வயசுலேருந்தே அவ அப்படித்தான். எனக்கு எதையும் மிச்சம் வைக்க மாட்டா."

"விரல் வீக்கம்? நகம் கறுத்துப்போனது?"

"இல்லைங்க."

விடுதிக்காரம்மா டார்ச்சை அணைத்தார். அவர் குரல் தணிந்தது.

"பதினாறு வருஷமா இங்கே வர்றவங்க காலுக்கு மருந்து போடறேன். கொப்புளம் இல்லாம இந்த மலைப்பாதையைத் தாண்டின ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கே பஸ் ஏறினீங்கன்னு சொல்லிடுங்க. நான் திட்ட மாட்டேன். படுக்கை தர்றேன், சாப்பாடு தர்றேன். முத்திரையை மட்டும் கேக்காதீங்க."

தங்கை வாளியிலிருந்து சட்டென்று காலை எடுத்தாள். தரையெல்லாம் தண்ணீர்.

"அண்ணா, சொல்லித் தொலைங்களேன். ஆறு வருஷமா கண்டம் கண்டமா என்னை இழுத்துக்கிட்டு அலைஞ்சீங்க. மலையைச் சுத்தினோம். பாலைவனத்துல ஒரு கிணத்தைத் தேடிப் போனோம். ஆறு எங்கே பிறக்குதுன்னு பனியில ஏறிப் பார்த்தோம். எல்லாம் எதுக்கு? இந்தச் சின்ன வாசல்ல ஒரு நாள் நுழையணும், அதுக்குப் பழகிக்கறேன்னுதானே சொன்னீங்க? இப்போ வாசல்கிட்ட வந்து வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் அண்ணன். அவருக்குக் கோபமே வரவில்லை. உண்மையில் அவர் முகம் மலர்ந்திருந்தது. விடுதிக்காரம்மாவைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்.

"ரொம்ப நன்றிங்க."

"எதுக்கு?"

"முப்பத்தோரு விடுதியிலயும் என்னைப் பார்த்ததுமே நாற்காலி போட்டு, தண்ணி கொடுத்து, ஒரு கேள்வி கேக்காம முத்திரை குத்திட்டாங்க. என் ஷூவை ஒருத்தரும் திருப்பிப் பார்க்கலை. எல்லாரையும் மாதிரி என்னையும் சந்தேகப்பட்டது நீங்கதான்."

விடுதிக்காரம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் முத்திரைக் கட்டையை ஓரமாக நகர்த்திவிட்டு மருந்துப் பெட்டியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். முதல்ல பாதத்தைக் காட்டுங்க. என் கண்ணால பார்த்தாத்தான் குத்துவேன்."

"தாராளமா."

அவர் குனிந்து பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டார். 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடியும் ஒன்று.

பிறகு, முழங்காலுக்குக் கீழே இருந்த இரண்டு கால்களையும் கழற்றி, போட்டிருந்த சாக்ஸோடு, ஷூக்களுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.