கேஸ் நிற்காத கார்

அந்தப் பழைய காரின் ஏசியோடு அவன் மல்லுக்கட்டியது நான்கு வாரமா ஐந்து வாரமா என்பது சரியாக நினைவில்லை. அந்த ஏசிக்கான பழைய வகை கேஸ் இப்போது கிடைப்பதில்லை என்று, கம்ப்ரஸர் எண்ணெயையும் ரப்பர் வளையங்களையும் மாற்றி, வீட்டு ஷெட்டிலேயே புது கேஸ் ஏற்றினான்.

எல்லாம் அம்மாவுக்காக. மருமகளோடு நடந்த ஒரு சண்டையில், வெளியூரில் இருக்கும் அவன் தம்பி வீட்டோடு போய்விடுவதாக வீம்பாகச் சொல்லியிருந்தாள்.

"ஆனா ஏசி இல்லாம ஆறு மணி நேரம் கார்ல என்னால உக்கார முடியாதுடா."

ஒவ்வொரு சனிக்கிழமையும் கேஸ் ஏற்றியதும் கார் ஜில்லென்று இருக்கும். ஞாயிறு காலை கிளம்பும்போது கேஸ் இருக்காது.

"நீங்களும் உங்க ரிப்பேரும்!" என்பாள் மனைவி. "இன்னும் ஒரு வாரம் உங்கம்மாவோட நான் மாரடிக்கணும்."

ஒரு சனிக்கிழமை மாலை ஷெட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். பானெட் திறந்திருந்தது.

"டார்ச்சை ஒழுங்கா பிடிடி. வால்வு எங்க இருக்குன்னே தெரியல."

"அந்தப் பக்கம் திருகாதீங்க அத்தை, டைட்டாயிடும். எத்தனை வாரமா சொல்றேன்!"

புஸ்ஸென்று கேஸ் போயிற்று. கூப்பிடலாமா என்று யோசித்தவன், சத்தம் போடாமல் திரும்பினான்.

அம்மா தம்பி வீட்டுக்குப் போகவில்லை. சண்டையும் நிற்கவில்லை. அவன் இப்போதும் வியர்த்து வழிந்தபடிதான் அந்தக் காரில் வேலைக்குப் போகிறான்.