வராத சளி

டப்பா காலியாகவே இருந்தது.

லேப்புக்குப் பின்னால், புங்கமரத்தடியில் நின்று என் வீட்டுக்காரர் இன்னொரு தடவை காறினார். காய்ந்த சத்தம்தான் வந்தது. டப்பாவில் விழுந்தது வெறும் எச்சில்.

"எச்சில் வேணாங்க, சளி வேணும்" என்றார் லேப்பிலிருந்த குருநாதன் சார்.

ஜெயங்கொண்டம் சர்க்கார் ஆஸ்பத்திரி. சுனாமிக்கு மறுவருஷம். டி.பி.க்கு ஆறு மாதம் மாத்திரை போட்டு முடித்து, கடைசிப் பரிசோதனைக்குச் சளி கொடுக்க வந்திருந்தோம். ஆரம்பத்தில் கேட்காமலே கொட்டிய மனுஷன், இன்றைக்குக் கெஞ்சினாலும் ஒரு சொட்டு தரமாட்டேன் என்கிறார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்குப் பயம்தான் வந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் என் அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரவீணா. பிறந்து மூன்று மாதம். பெற்ற அப்பன் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

சளியில் கிருமி இல்லை என்று வந்தால்தான் பிள்ளையைத் தொட வேண்டும். இது ஆஸ்பத்திரி போட்ட சட்டம் இல்லை, நான் போட்டது. இனிமேல் தூக்கலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். சொல்வார், பிள்ளை அவருடையதா? என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். நான் அடுப்படிக்குப் போய் அழுவேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொரு சட்டமும் போட்டிருந்தேன். வீட்டில் பால் கிடையாது, தயிர் கிடையாது, மோர்த்தண்ணிகூடக் கிடையாது. தயிர் தின்றால் சளி கட்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டாக்டர் என்னவோ, அப்படியெல்லாம் இல்லை, பாலும் முட்டையும் கொடு என்றார். முட்டையை மட்டும் கொடுத்தேன்.

மாத்திரையை ஊர் அங்கன்வாடியில் லீலாவதி டீச்சர் முன்னால்தான் விழுங்க வேண்டும். முதல் வாரம் போட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், நின்றுவிட்டது. தெருவில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரிடமும் என் கஷாயத்தின் பெருமையைச் சொல்லியாகிவிட்டது.

குருநாதன் சார் ஜன்னலில் தலையை நீட்டினார். "வராத சளிய எங்கேருந்தும்மா எடுக்கிறது? நெஞ்சுப் படம் சுத்தமா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. சளி வரலன்னு எழுதிக்கிறேன், கெளம்புங்க."

அதெப்படிக் கிளம்புவது? உள்ளே எங்கேயாவது ஒளிந்துகொண்டிருந்தால்? ஒரு கறுப்புப் படத்தை நம்பிப் பச்சைப் பிள்ளையைக் கொடுத்துவிட முடியுமா?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சளிதானே வேண்டும்? வரவைக்கத் தெரியாதா எனக்கு!

எதிரே இருந்த ஓட்டலுக்கு ஓடினேன். பெரிய கிண்ணம் நிறையக் கெட்டித் தயிர் வாங்கி, ரெண்டு வாழைப்பழத்தை உரித்துப் போட்டுப் பிசைந்து அவர் கையில் கொடுத்தேன்.

என்னையும் தயிரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயா குடுக்கற?"

"பேசாம தின்னுங்க. சளி கட்டட்டும்."

வழித்துத் தின்றார். மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தோம். ரோட்டில் விருத்தாசலம் பஸ்ஸும் கும்பகோணம் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. எழுந்து காறினார். வரவில்லை. குனிந்து காறினார். வரவில்லை. நான் அவர் முதுகில் காதை வைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் பாயில் பக்கத்தில் படுத்தாலே கேட்கும் அந்தக் கொரகொரப்பு இல்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது.

இன்னொரு கிண்ணம் வாங்கி வரலாம் என்று எழுந்தேன். என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம் மலரு. எத்தன கிண்ணம் தின்னாலும் வராது" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "மாத்திர போடுற நாளெல்லாம் லீலாவதி டீச்சர் தயிருசோறு போட்டுருவாங்க. அது உள்ள போனாத்தான் எனக்குக் கொமட்டாது. ரெண்டாவது வாரத்துலேருந்து தின்னுக்கிட்டுதான் இருக்கேன்."

அடப்பாவி மனுஷா! அப்படியென்றால் என் கஷாயம்?

வந்த ஆத்திரத்தில் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அந்த அடிக்கும் சளி வரவில்லை.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆறு மாதம் தின்ற தயிருக்குக் கட்டாத சளி, இனிமேல் இவர் நெஞ்சில் எங்கே இருக்கப்போகிறது? டாக்டர் எடுத்த படத்தை நம்பாத நான் தயிரை நம்பினேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"யம்மா, புள்ளயத் தூக்கிட்டு வா!" என்று கேட்டைப் பார்த்துக் கத்தினேன்.

அம்மா கிட்டே வரவர, என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் பின்னாலேயே நகர்ந்து போனார். லேப் சுவரில் முதுகு இடித்துத்தான் நின்றார். நான் பிள்ளையை வாங்கி அவர் கையில் வைத்தேன்.

தூக்கத் தெரியவில்லை. முறத்தைப் பிடிக்கிற மாதிரி ரெண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தலையப் புடிங்க, நெஞ்சோட அணைச்சுக்குங்க" என்றேன்.

அணைத்துக்கொண்டார். பிரவீணா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவர் விரலைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள். அவர் இன்னும் கையே கழுவவில்லை. விரலெல்லாம் தயிர்.

நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.