சக கைதியின் சான்று

தியாகி பென்ஷன் அலுவலகத்தில் சுதந்திரப் பொன்விழாத் தோரணங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. காந்தா தன் அப்பாவின் மனுவை நீட்டினாள். நாற்பத்திரண்டில் கொடியேற்றிச் சிறை சென்ற அப்பா, இப்போது மருந்துக்கு வழியில்லாமல் படுக்கையில் கிடந்தார்.

"ஜெயில் ரிஜிஸ்டர் இல்லைன்னா ஸ்வல்ப கஷ்டம்தாம்மா. கூட இருந்த கைதி யாராவது சாட்சி சொல்லணும்," என்றார் அதிகாரி, கன்னடம் கலந்த தமிழில்.

"கூட்டிட்டு வந்திருக்கேன் சார். ஜீவனஹள்ளி முனிரத்தினம் ஐயா. 'அவரைக் கேளு, பொய் சொல்ல மாட்டாரு'ன்னு அப்பாதான் அனுப்பினாரு."

முனிரத்தினம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மார்க்கெட் முன்னாடி கொடி ஏத்துனாரு சார். ஸ்டேஷன்ல பன்னிரண்டு அடி. கடைசி அடியில மயங்கிட்டாரு. ஒரு தடவைகூட அம்மான்னு கத்தலை."

"கண்ணால பார்த்தீங்களா?"

"பக்கத்துலயே இருந்தேன்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "இது போதும்மா, கிடைச்சிடும். பெரியவரே, உங்க பென்ஷன் புத்தகத்தைக் குடுங்க, நம்பர் எழுதணும்."

காந்தாவுக்குக் கண் கலங்கியது. முனிரத்தினம் தயங்கித் தயங்கிப் புத்தகத்தை எடுத்து வைத்தார்.

அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மனுவைக் காந்தாவிடமே தள்ளினார்.

"இது போலீஸ் பென்ஷனாச்சே."

"ஆமா சார். அடிச்சது நான்தான்."

காந்தா அவரையே பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"கைதி சொன்னாத்தான் செல்லும் பெரியவரே. நான் என்ன பண்ண?"

"அவரோட இருந்தவங்க யாரும் உயிரோட இல்லை சார்," என்றார் முனிரத்தினம். "எனக்கு மட்டும் இருபது வருஷமா ஒரு சாட்சியும் கேக்காம குடுக்கிறாங்க."