கனகவேணி குளிப்பது பன்னீரில்

“கனகவேணி இப்போது குளிப்பது பன்னீரில்” என்று வேலாயி வாசித்ததும், தேயிலைத் தோட்டக் கூலிகளின் லயத்து வாசலில் கூடியிருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

வடிவம்மா மட்டும் காறித் துப்பினாள். கூலிகளை மேய்க்கும் பெரிய கங்காணியின் மனைவி அவள். எங்கே துப்பினாலும் யாரும் ஏனென்று கேட்க முடியாது.

பத்திரிகையும் அவளுடையதுதான். சென்னையில் அச்சாகி, இலங்கைக்குக் கப்பலேறி, பதுளைக் கடையில் கிடந்து, புடவை வியாபாரி ஸலீமின் மூட்டைக்குள் மடுல்சீமை மலைத் தோட்டத்துக்கு ஏறி வருவதற்குள் அதற்கு மூன்று மாத வயதாகிவிடும். அதனால் என்ன? நாடகக்காரிகளின் சங்கதி ஊசிப்போவதில்லை.

வடிவம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தோட்டத்தில் திக்காமல் வாசிக்கத் தெரிந்த பெண் வேலாயி ஒருத்திதான். அவளுடைய அப்பா ஊரில் கூத்து வாத்தியாராக இருந்தவர். பாட்டுப் படிக்க உதவுமே என்று தன் இரண்டு பெண்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அந்த இரண்டாவது பெண், தங்கை லெட்சுமி, கதவுக்குப் பின்னால் பாயில் கிடந்தாள். கொழும்பில் ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தவளைக் காசம் கண்டதும் விரட்டிவிட்டார்கள் என்று வேலாயி எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் பேர் இல்லாத ஆள் லயத்தில் தங்கக் கூடாது. வடிவம்மா ஒரு வார்த்தை சொன்னாள், பெரிய கங்காணி கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வார்த்தை சொன்னால் திறந்துகொள்வார். அன்றைக்கே லெட்சுமியைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தக் குளிரில் ரோட்டோரம் போட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேலாயி வாசித்தது அந்தப் பயத்தில்.

ஆனால் வடிவம்மா நல்லவள். அதையும் சொல்லத்தான் வேண்டும். காசம் ஒட்டிக்கொள்ளும் என்று மற்றவர்கள் எட்டி நின்றார்கள். அவள் லெட்சுமியின் தலையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டினாள்.

வேலாயி மேலே வாசித்தாள். கனகவேணி திடீரென்று மேடையை விட்டு மறைந்த காரணத்தைப் பத்திரிகையின் நிருபர் கண்டுபிடித்துவிட்டாராம். ஒரு ஜமீன்தார், கொடைக்கானலில் பங்களா, ஏழு பணிப்பெண்கள். ஜமீன்தாரின் மனைவி அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டாளாம். எந்த ஜமீன் என்று மட்டும் எழுதவில்லை. அந்த நிருபர் கொடைக்கானல் பக்கம் தலைவைத்துப் படுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடுவில் ஒரு படம் போட்டிருந்தார்கள். கிரீடம் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது. முகம் மையில் கரைந்துபோயிருந்தது.

“இந்தச் சிறுக்கி மட்டும் நம்ம லயத்து வாசப்படிய மிதிச்சான்னா, மொட்டையடிச்சுத் தொரத்திருவேன்” என்றாள் வடிவம்மா.

பெரிய கங்காணிக்கு, பள்ளத்து லயத்தில் வேறொரு பெண்ணோடு இன்னொரு குடும்பம் இருந்தது. அந்தப் பெண்ணை வடிவம்மாவால் ஒரு சொல் சொல்ல முடியாது. கனகவேணியை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த மாதிரிப் பத்திரிகைகள் விற்பதே இதனால்தான். ஏச வேண்டியவளை ஏச முடியாதவர்களுக்கு, எட்டாத தூரத்தில் இருக்கும் ஒருத்தியைப் படம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். வேலாயியும் சேர்ந்து சிரித்தாள்.

உள்ளேயிருந்து லெட்சுமியின் குரல் வந்தது.

“அந்தப் பன்னீர இன்னொரு தடவ படி அக்கா.”

சாகக் கிடக்கிறவளுக்கும் ஆசை விடவில்லை பார் என்று ஒருத்தி சொன்னாள்.

வேலாயி மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். ஏழு பணிப்பெண்களிடம் வந்தபோது உள்ளே இருமல் தொடங்கியது. இந்த முறை அது நிற்கவில்லை. அவள் ஓடிப்போய்த் தலையைத் தூக்கியபோது பாயெல்லாம் ரத்தம். மடியிலேயே உயிர் போய்விட்டது.

வடிவம்மாதான் கண்களை மூடிவிட்டாள். தன் பெட்டியிலிருந்த புதுச் சேலையை எடுத்துவரச் சொல்லி, தன் கையாலேயே போர்த்தினாள். தப்படிக்கிறவர்களுக்கு ஆள் அனுப்பினாள். பெற்ற மகளைப் பறிகொடுத்தவள் போல நிஜமாகவே அழுதாள்.

“அந்தக் கூத்தாடிச் சிறுக்கிக்குப் பன்னீரு. இந்தப் புள்ளைக்குக் கிழிஞ்ச பாயி. சாமிக்குக் கண்ணு இருக்காடி வேலாயி?”



பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒப்பாரியைக் கூடப்பிறந்தவள்தான் எடுக்க வேண்டும். செத்தவளின் பெருமையைச் சொல்லி அவள் அழுத பிறகுதான் மற்றவர்கள் அழுவார்கள். எல்லோரும் வேலாயியின் வாயைப் பார்த்தார்கள்.

சொல்வதற்கா இல்லை? மதுரையில் கொட்டகை நிறைந்து, தெருவிலும் ஜனம் நின்று கேட்ட குரல். தஞ்சாவூரில் ஒரு பெரிய மனிதர் மேடையேறி வந்து குத்திவிட்ட தங்க மெடல். கொழும்பில் ஐந்தாம் நாள் ஆட்டத்தில் பாட்டுக்கு நடுவே ரத்தம் வந்ததும், அவளைச் சத்திரத்தில் போட்டுவிட்டுக் கம்பெனிக்காரர்கள் கப்பலேறியதைக்கூடச் சொல்லி அழலாம்தான். அதில் ஒன்று வாயிலிருந்து விழுந்தாலும், போர்த்திய சேலையை வடிவம்மா உருவிக்கொண்டு போய்விடுவாள். அதற்குப் பிறகு குழி வெட்டக்கூட ஒருவனும் வரமாட்டான்.

வேலாயி மார்பில் அடித்துக்கொண்டாள்.

“கஞ்சி நல்லாக் காய்ச்சுவியே, என் தங்கமே... வீடு வாசல் கூட்டி வெளக்கேத்தி வைப்பியே...”

பெண்கள் சேர்ந்து அழுதார்கள். வடிவம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

கனகவேணிக்கு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது.